ஓர் இரவுக் கூத்தும் 4 ஜிபி எல்லையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும் நாட்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் இருக்கும். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த அப்படியொரு கூத்தை, துகிலுரிதல் நடக்கும் இரவை, முழுதாகப் பதிவு செய்து தரும்படி அந்த ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியார் கேட்டார். நானும் என் நண்பரும் சேர்ந்து எடுத்தோம்.

வாத்தியார் கேட்டவை இரண்டு. முதலாவது, பிற்காலத்தில் பயிலும் பிள்ளைகளுக்காக, எதையும் குறைக்காமல் முழு இரவும் ஒரே தொடர்ச்சியாகச் சேமிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஜமாவில் இருக்கும் எல்லோரும் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்க ஒரு பென் டிரைவ் வேண்டும். கூத்தாடிகள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே பார்த்தது குறைவு. அதனால் இரண்டாவதை நாங்கள் முதலாவதுக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை.

யூடியூபில் ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. 12 மணி நேரம், 256 ஜிபி வரை அங்கே ஏற்றலாம் என்பதால் அளவு தடையாக இருந்திருக்காது. ஆனால் இரவுக் கூத்துக்கு அழைப்பு வருவதுதான் ஜமாவின் பிழைப்பு என்றார் வாத்தியார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

அன்று இரவு பதிவானவை

ஆட்ட களத்துக்கு நேர் எதிரே ஒரு கேமரா அசையாமல் நின்றது. இன்னொன்று கையில். இரண்டும் ஏவிசிஎச்டி என்ற வீடியோ வடிவில் எழுதுபவை, 1080 வரி, விநாடிக்கு 25 ஃபிரேம், 24 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 24 மெகாபிட்; கீழே வேகம் என்று சொல்வது இதைத்தான்). ஒலிக்குத் தனி ரெக்கார்டர்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் கேமரா மைக்கில் கலங்கிப்போகும் என்பது முந்தைய அனுபவம்.

கேமராவில் இருந்தவை 32 ஜிபி கார்டுகள். 2 ஜிபிக்கு மேல் அந்த அளவு வரையுள்ள எஸ்டி கார்டுகள், ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபேட் 32 என்ற முறையில்தான் ஃபார்மேட் ஆகும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், கேமரா சுமார் 24 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே புது ஃபைல் தொடங்கிவிடும். ஒரு கார்டு ஏறக்குறைய 3 மணி நேரம் தாங்கியது. ரெக்கார்டரும் 2 ஜிபிக்கு ஒரு ஃபைலாக, அதாவது 2 மணி 4 நிமிடத்துக்கு ஒன்றாக, பிரித்து எழுதியது. ஆக, எல்லை ஒன்று இருக்கிறது என்பதைக் கருவிகள் அன்றைக்கே எங்களுக்குக் காட்டியிருந்தன. நாங்கள்தான் அதை எடிட்டிங் மேசை வரை கொண்டுவரவில்லை.

எடிட்டிங்கில் முதல் நாளே சின்னத் தடங்கல் ஒன்று. கார்டிலிருந்து வீடியோ ஃபைல்களை மட்டும் எடுத்துத் தனித்தனியாக உள்ளே இழுத்திருந்தோம். 24 நிமிட இணைப்புகளில் கேமரா ஒலி ஒரு கணம் விட்டுப்போயிருந்தது. கார்டில் இருந்த முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்து, மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக எடுத்ததும் துண்டுகள் எல்லாம் ஒரே நீண்ட கிளிப்பாக வந்தன. அதன் பிறகு கேமராவும் ரெக்கார்டரும் இணைப்பு இடங்களில் சரியாகப் பொருந்தின.

மூன்று வாரத்தில் எடிட் முடிந்தது. கடைசியில் கொஞ்சம் கறுப்புத் திரை சேர்த்து, நீளத்தைச் சரியாக 7 மணி 40 நிமிடமாக வைத்தோம். அதாவது 27,600 விநாடி, 6,90,000 ஃபிரேம். இந்த முழு எண் பின்னால் உதவியது.

முதல் ரெண்டர்

வாத்தியார் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். டிவியில் ஓட வேண்டும் என்று சொன்னதால் கடைக்காரரே ஃபார்மேட் செய்து கொடுத்தாராம். காட்சியைச் சுருக்கும் எச்.264 முறையில் 10 எம்பிபிஎஸ், ஒலிக்கு 192 கேபிபிஎஸ் (விநாடிக்கு கிலோபிட்) என்று வைத்து, நேராக அந்தப் பென் டிரைவுக்கே எம்பி4 ஃபைலாக ரெண்டர் (எடிட் செய்ததை வீடியோ ஃபைலாக எழுதும் வேலை) போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். கணக்குப்படி 35 ஜிபி வரும், இடம் தாராளமாக இருந்தது.

காலையில் திரையில் வட்டு நிரம்பிவிட்டது என்ற செய்தி நின்றது. திறந்து பார்த்தால் பென் டிரைவில் 55 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. எழுதப்பட்ட ஃபைலின் அளவு சரியாக 4.00 ஜிபி. அது எந்த பிளேயரிலும் திறக்கவில்லை.

பென் டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். இன்னொரு பென் டிரைவில் போட்டால் சரியாகும் என்று பகல் முழுக்க மறுபடி ஓட விட்டதில் ஒரு நாள் போனது. அதுவும் அதே 4.00 ஜிபியில் நின்ற பிறகுதான் எண்ணைக் கவனித்தோம். கெட்டுப்போன வட்டு இரண்டு முறையும் ஒரே பைட்டில் நிற்காது.

காரணம்

ஃபேட் 32 என்பது விண்டோஸ் 95 காலத்தில், 1996இல் வந்த முறை. ஒரு ஃபைலின் அளவைக் குறித்து வைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. கணினி 1,024ஆல் எண்ணி இதை 4 ஜிபி என்று காட்டும், ஆயிரத்தால் எண்ணினால் இதுவே 4.29 ஜிபி. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு ஃபைல் வளர முடியாது. வட்டில் எவ்வளவு காலி இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. மென்பொருளுக்குத் தெரிவது மேற்கொண்டு எழுத முடியவில்லை என்பது மட்டும்தான். அதனால்தான் அது வட்டு நிரம்பியதாகச் சொன்னது.

நாங்கள் வைத்த வேகத்தில் 4 ஜிபி என்பது சுமார் 56 நிமிடக் காட்சி. அந்த 56 நிமிடமாவது ஓடியிருக்கலாமே என்று தோன்றும். எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை, வழக்கமாக எல்லாம் எழுதி முடிந்த பிறகு கடைசியில் எழுதப்படுகிறது. பாதியில் நின்றால் அட்டவணை இல்லை. உள்ளே காட்சி இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது.

யோசித்த வழிகள்

பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுவது எல்லோரும் முதலில் சொல்லும் வழி. மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்த முறை அது. அதில் இந்த 4 ஜிபி தடை கிடையாது. மாற்றி, ஐந்து நிமிடச் சோதனைக் காட்சி ஒன்றைப் போட்டு வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப்போனோம். அவர் டிவி அந்தப் பென் டிரைவையே கண்டுகொள்ளவில்லை. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையிலும் அதேதான். பக்கத்து வீட்டுப் புது டிவியில் என்டிஎஃப்எஸ் ஓடியது. ஆனால் இந்தப் பென் டிரைவ் பதினைந்து வீட்டுக்குப் போகப் போகிறது, ஒவ்வொரு வீட்டு டிவியும் ஒவ்வொரு ரகம். எல்லாவற்றிலும் ஓடும் என்று நம்பக்கூடியது ஃபேட் 32 மட்டும்தான். அப்படியானால் பென் டிரைவுக்குள் துண்டுகளாகத்தான் போக வேண்டும்.

முழு இரவையும் 4 ஜிபிக்குள் அடக்கிவிடலாமா என்றும் கணக்குப் போட்டோம். 1 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். இரவு வெளிச்சத்தில், கண்ணாடிச் சில்லு மின்னும் கிரீடமும் புஜக்கட்டையும் சுழலும் கிறுகிறுப்பில், அந்த வேகத்தில் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அடவைப் பார்த்துப் படிக்க வேண்டிய பதிவுக்கு அது ஆகாது என்று உடனே ஒதுக்கினோம்.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். சேமிப்புக்கான மாஸ்டர் ஒன்று, பென் டிரைவுக்கான பிரதி ஒன்று. இரண்டுக்கும் டைம்லைனை (எடிட் செய்த முழு வரிசையை) ஒரே மாதிரி துண்டுகளாகப் பிரித்து ரெண்டர் செய்வது என்று முடிவு. மாஸ்டர் எழுதப்படும் 1 டிபி வட்டில் ஃபைல் எல்லை இல்லை, அங்கே துண்டு போடும் கட்டாயமும் இல்லை. ஆனாலும் துண்டாகவே போட்டோம். மின்வெட்டு வந்தாலும் பிழை கண்டாலும் ஒரு துண்டை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். ஒரே ரெண்டராகப் போட்டால் ஏழாவது மணி நேரத்தில் வரும் தடங்கல் ஏழு மணி நேரத்தையும் கொண்டுபோய்விடும்.

மாஸ்டருக்கு, எடிட்டிங்கில் பயன்படும் புரோரெஸ் எல்டி என்ற வீடியோ வடிவத்தை எடுத்தோம். 1080 வரி, 25 ஃபிரேமுக்கு அது சுமார் 85 எம்பிபிஎஸ், முழு இரவுக்கும் 293 ஜிபி. அதைவிட உயர்ந்த ரகமான புரோரெஸ் 422 என்றால் 122 எம்பிபிஎஸ், 421 ஜிபி ஆகியிருக்கும். மூலமே 24 எம்பிபிஎஸ் ஆக இருக்கும்போது அந்தக் கூடுதல் இடம் எதையும் சேர்த்துத் தராது என்பது எங்கள் கணிப்பு. துண்டுகளுக்கும் சேர்த்த ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் வட்டில் இடம் வேண்டும் என்பதும் எல்டி பக்கம் சாய வைத்தது.

எங்கே வெட்டுவது

ஐம்பது நிமிடத்துக்கு ஒரு வெட்டு என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தோம். மடிக்கணினியில் அதைப் பார்த்த வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை.

“தம்பி, ஒரு வேஷம் திரைக்குப் பின்னால வந்து நின்னு பாட்டெடுக்கும்ல, அதுக்கு முன்னால வெட்டுங்க. வேஷம் பாதி பாடிட்டிருக்கும்போது வெட்டினா, அடுத்த ஃபைல் போடுறதுக்குள்ள பிடிச்ச ராகமே போயிடும்.”

அப்புறம் துகிலுரிதல் பகுதிக்கு வந்தபோது இன்னும் கண்டிப்பாகச் சொன்னார்.

“பாஞ்சாலிய சபைக்கு இழுத்தாந்ததுல இருந்து அவ சபதம் வரைக்கும் ஒரே மூச்சு. அங்க சூடம் கொளுத்துவாங்க, சனங்க எழுந்து நிப்பாங்க. அதுல கை வைக்காதீங்க.”

“அது மட்டும் 80 நிமிஷம் வருதுங்க ஐயா. ஒரே ஃபைல்ல அடங்காது போல இருக்கு.”

“அடங்குற மாதிரி செய்யுங்க தம்பி.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டும் இடங்களைக் காட்ட, நாங்கள் குறித்துக்கொண்டோம். கூத்தில் திரைப் பிரவேசம்தான் இயல்பான இடைவெளி. எங்கள் கண்ணுக்கு அது முன்னமே பட்டிருக்க வேண்டும். கடைசியில் ஒன்பது துண்டு அமைந்தது. எட்டு 52 நிமிடத்துக்குள், ஒன்று 80 நிமிடம்.

ஒலியில் வந்த இரண்டாவது எல்லை

ரெக்கார்டர் ஒலியைச் சமன் செய்து, முழு இரவையும் ஒரே வேவ் ஃபைலாக (சுருக்காத ஒலி ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்தோம். மென்பொருள் எந்தப் பிழையும் சொல்லவில்லை. வட்டில் 7.95 ஜிபி இருந்தது, கணக்குக்குச் சரி. ஆனால் டைம்லைனில் போட்டால் நீளம் 3 மணி 31 நிமிடம் 27 விநாடி. மீதி நாலு மணி நேரத்தைக் காணவில்லை.

இதைப் பிடிக்கத்தான் அதிக நேரம் ஆனது. இந்த வட்டு ஃபேட் 32 இல்லை, ஆகவே பழைய காரணம் பொருந்தாது. விடை அந்த 3:31:27 என்ற எண்ணிலேயே இருந்தது. வேவ் ஃபைலின் தலைப்பிலும் அளவைக் குறிக்க 32 பிட்தான் உண்டு. எங்கள் ஒலி விநாடிக்கு 2,88,000 பைட். அந்த வேகத்தில் 4 ஜிபி நிரம்ப 4 மணி 8 நிமிடம் 33 விநாடி ஆகும். ஏழு மணி நாற்பது நிமிடத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது 3:31:27. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999ஐத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுமே, அதே கதை. ஒலி முழுதும் ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது. தலைப்பில் எழுதிய எண்தான் சுற்றி வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்எஃப்64 என்ற வடிவம் இதற்கென்றே இருக்கிறது. வேவ் மாதிரியேதான், அளவைக் குறிக்க மட்டும் 64 பிட். எக்ஸ்போர்ட் பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்ததும் 7 மணி 40 நிமிடமும் வந்தது.

முதல் சிக்கலை விட இதுதான் எனக்குக் கவலை தந்தது. பென் டிரைவ் குறைந்தது பிழைச் செய்தியாவது காட்டியது. இந்த ஃபைல் எதுவும் சொல்லவில்லை. நீளத்தைப் பார்க்காமல் சேமித்துவிட்டு மூல ஃபைல்களை அழித்திருந்தால், பல வருஷம் கழித்துத் திறக்கும் ஒருவர் பாதிக் கூத்தின் ஒலி பதிவாகவில்லை என்றே நினைத்திருப்பார்.

துண்டுகளை ஒட்டியது

ஒட்டுவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். துண்டுகளின் பெயரை ஓர் உரை ஃபைலில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், மறுபடி என்கோட் செய்யாமல் (சுருக்காமல்), உள்ளே இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒரே ஃபைலாக்கித் தரும். தரம் குறையாது. நேரம் வட்டின் வேகத்தைப் பொறுத்தது மட்டுமே. எல்லாத் துண்டும் ஒரே கோடெக் (சுருக்கும் முறை), ஒரே அளவு, ஒரே ஃபிரேம் வேகத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

முதலில் சோதனைக்காக ஒலியோடு சேர்ந்த இரண்டு எம்பி4 துண்டை ஒட்டிப் பார்த்தோம். இணைப்பில் தாளம் ஒரு இழை தடுக்கியது. அந்தத் துண்டுகளில் இருந்த ஏஏசி வகைச் சுருக்கிய ஒலி 1,024 சாம்பிள் கொண்ட கட்டுகளாக எழுதப்படுகிறது, ஒரு கட்டு சுமார் 21 மில்லி விநாடி. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் என்கோடர் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும். பேச்சில் இது தெரியாமல் போகலாம். மிருதங்கம் ஓடும் இடத்தில் காது உடனே பிடித்துவிடும். அதனால் மாஸ்டருக்கான துண்டுகளை ஒலியே இல்லாமல் ரெண்டர் செய்து, ஒன்பதையும் ஒட்டிய பிறகு, ஆர்எஃப்64 ஒலியை அதன்மேல் ஒரே நீளமாகச் சேர்த்தோம். இணைப்பே இல்லாத ஒலியில் தடுக்க இடமில்லை.

ஒட்டிய ஃபைலின் ஃபிரேமை எண்ணியபோது 6,90,001 வந்தது. ஒன்று கூடுதல். தேடியதில், ஆறாவது துண்டின் கடைசி ஃபிரேமும் ஏழாவதின் முதல் ஃபிரேமும் ஒன்றே. ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடிதான், ஆனால் அங்கிருந்து முடிவு வரை உதடும் பாட்டும் அவ்வளவு விலகியிருக்கும். ஆறாவது துண்டை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து ஒட்டினோம். ஒரே ரெண்டராகப் போட்டிருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

பென் டிரைவுக்குள் அடக்கியது

இதிலும் இரண்டு முறை தவறினோம்.

முதலில் ஒரே தரம் காக்கும் முறையில் ரெண்டர் போட்டோம். அதில் அளவைத் தீர்மானிப்பது காட்சி. 45 நிமிடத் துண்டு ஒன்று 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. காரணம் இருட்டு. குறைந்த வெளிச்சத்தில் கேமரா சேர்க்கும் புள்ளி புள்ளியான இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பதால், என்கோடர் அதையும் காட்சி என்று எடுத்துக்கொண்டு பிட்டைச் செலவழிக்கிறது. எனவே சராசரி வேகத்தைக் குறிப்பிட்டு, இரண்டு சுற்று ஓடும் முறைக்கு மாறினோம். முதல் சுற்றில் அளந்து, இரண்டாவது சுற்றில் பங்கிடுவதால் இறுதி அளவு கணக்கை ஒட்டியே வரும். எட்டுத் துண்டுக்கும் 10 எம்பிபிஎஸ். 52 நிமிடம் என்றாலும் 4 ஜிபிக்குள் வந்தது.

அடுத்தது அந்த 80 நிமிடத் துண்டு. 7 எம்பிபிஎஸ் என்றால் 4.2 ஜிபி, எல்லை 4.29, அடங்கும் என்று ஓட்டினோம். பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது ஃபைல் பெரிது என்று நின்றது. ஒலிக்கான 192 கேபிபிஎஸைக் கூட்ட மறந்திருந்தோம். 80 நிமிடத்தில் அது மட்டும் 115 எம்பி, மொத்தம் 4.31 ஜிபி. 6 எம்பிபிஎஸுக்கு இறக்கினோம், 3.7 ஜிபியில் அமர்ந்தது. சூடம் கொளுத்தும் இடத்தில் புகை கொஞ்சம் மென்மையாகத் தெரிகிறது. முகங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அந்தப் பகுதி முறியாமல் ஓடுவதற்கு இது கொடுக்கத்தக்க விலை என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

ஃபைல் பெயரில் 01, 02 என்று எண்ணை முன்னால் வைத்தோம். சில டிவிகள் பெயரைப் பார்க்காமல், எழுதப்பட்ட வரிசையிலேயே காட்டும் என்பதால், ஒவ்வொன்றாக அதே வரிசையில் நகலெடுத்தோம். தமிழில் வைத்த பெயர் வாத்தியார் டிவியில் கட்டம் கட்டமாக வந்ததால் ஆங்கில எழுத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

விளைவு

மாஸ்டர் இரண்டு வட்டில் இருக்கிறது. ஒன்று எங்களிடம், ஒன்று வாத்தியாரிடம். பென் டிரைவ் முதலில் அவர் வீட்டில் ஓடியது. கட்டியங்காரன் வேஷம் போடுபவரும் பெண் வேஷம் கட்டும் இளைஞரும் வந்து உட்கார்ந்தார்கள். துகிலுரிதல் துண்டு தொடங்கியபோது வாத்தியாரின் மனைவி எழுந்து போய்ச் சூடம் கொளுத்தினார். 80 நிமிடமும் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.

ஒரு வீட்டில் மட்டும் ஒலி வந்தது, படம் வரவில்லை என்றார்கள். பழைய பெட்டி, எச்.264ஐயே படிக்காத ரகம். அவர்களுக்கென்று தனியாகச் செய்து கொடுப்பது பாக்கி இருக்கிறது.

அடுத்த முறை மாற்றப் போவது

ரெண்டர் பொத்தானை அழுத்தும் முன் காகிதத்தில் கணக்கு: வீடியோ வேகத்தோடு ஒலி வேகத்தைக் கூட்டி, விநாடியால் பெருக்கி, எட்டால் வகுப்பது. வருவது எம்பி. 4,290ஐ நெருங்கினாலே வேகத்தை இறக்குவது. பென் டிரைவ் கைக்கு வந்ததும் அது எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பார்ப்பது. எதையும் பென் டிரைவுக்கு நேராக ரெண்டர் செய்யாமல், கணினி வட்டில் முடித்துப் பிறகு நகலெடுப்பது. பார்க்கப்போகும் டிவியில் ஐந்து நிமிடச் சோதனையை எடிட்டிங் தொடங்கும் முன்பே ஓட்டிவிடுவது.

வெட்டும் இடங்களைக் களத்திலேயே குறிப்பதுதான் பெரிய மாற்றம். ஒவ்வொரு திரைப் பிரவேசத்தின் நேரத்தையும் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், கடிகாரத்தை நம்பி வெட்டும் வேலை இருக்காது. ஜமாவில் புதிதாகப் பயிலும் பையன் ஒருவன் அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

அடுத்த ஆடியில் பத்து இரவுக் கூத்தையும் எடுக்கச் சொல்லி வாத்தியார் கேட்டிருக்கிறார். இரவுக்கு 293 ஜிபி, ஒலியும் சேர்த்துப் பத்து இரவுக்குச் சுமார் 3 டிபி. 4 டிபி வட்டு இரண்டுக்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.